எட்னா பைலரின் உருளைக்கிழங்கு மாவு

(ஓர் அன்னையின் நினைவாக அவர் மக்கள் நிறுவிய அறக்கட்டளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அழைப்புக் கடிதத்தில் "அன்னையர் நினைவு பற்றி, தங்கள் விருப்பம்போல்" என்று ஒரு வரிதான் இருந்தது. பொருளைப் பேசுகிறவர் விருப்பத்துக்கு விடுவது உங்கள் பெருந்தன்மை. எனக்கு அது இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் வழிகாட்டியது எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் கிடந்த ஒரு நினைவு மலர். என் அம்மாச்சியின் பதினாறாம் நாளுக்கு நாங்கள் அடித்தது. எட்டுப் பக்கம். "பாசத்தின் சிகரம்" இரண்டு இடத்தில், "அன்பின் இமயம்" மூன்று இடத்தில். பிறந்த ஆண்டு இல்லை, யாருக்கும் தெரியாது. அம்மாச்சி வைக்கும் மீன்குழம்புக்கு ஊரே மயங்கும் என்று என் மாமா எழுதியிருக்கிறார். எந்த மீன், புளி எவ்வளவு, மாங்காய் எப்போது சேர்ப்பார் என்று ஒரு வரி கிடையாது. அந்தக் குழம்பு அவரோடு போய்விட்டது. இமயமும் சிகரமும் மட்டும் எங்களிடம் இருக்கின்றன.

அந்த மலரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தவர்கள் மென்னோனைட்டுகள். தங்கள் தாய்மாரையும் பாட்டிமாரையும் நினைவுகூர்வதில் அவர்களுக்கென்று ஒரு வழி உண்டு. அதில் அடைமொழி குறைவு, பொருள் அதிகம். அந்த வழியைப் பற்றியும், அதில் எனக்குள்ள ஒரு குறையைப் பற்றியும் பேசப்போகிறேன்.

யார் இவர்கள் என்று இளையவர்கள் கேட்கலாம். 1525 சனவரியில் சூரிச் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தபின் மனமொப்பிப் பெறுவதே செல்லும் என்று சொல்லி, ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இன்று கேட்டால் இதற்கா இவ்வளவு கலவரம் என்று தோன்றும். அன்று பிறப்புப் பதிவும் வரியும் அரச விசுவாசமும் அந்தத் தொட்டித் தண்ணீரோடு பிணைந்திருந்தன. கத்தோலிக்கரும் துரத்தினார்கள், சீர்திருத்தக்காரர்களும் துரத்தினார்கள். நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536இல் தம் பதவியை விட்டு இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரே கூட்டத்துக்குப் பெயராயிற்று. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பவை இவர்களுடைய உறுதிகள்.

இவர்கள் வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடி இருந்த புத்தகம் 'தியாகிகளின் கண்ணாடி'. தீலமான் வான் பிராக்ட் என்ற டச்சுப் போதகர் 1660இல் தொகுத்தது. 1685 பதிப்பில் யான் லாய்க்கன் என்ற ஓவியர் செம்புத் தகட்டில் செதுக்கிய 104 படங்கள் சேர்ந்தன. அதில் ஒரு படத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எரித்து முடித்த இடம். கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு சிறுவன் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கிறான்.

அவன் பெயர் ஆட்ரியன், வயது ஏறத்தாழ பதினைந்து. அவன் தாய் மைக்கன் வென்ஸ், ஆன்ட்வெர்ப் நகரத்துக் கொத்தனார் ஒருவரின் மனைவி. 1573 அக்டோபரில் அவரை எரித்தார்கள். சாகும் நேரத்தில் கூடியிருப்பவர்களிடம் எதுவும் பேசிவிடக் கூடாது என்று நாக்கைத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். சிறையிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். பெரியவன் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, தாயைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றான். கம்பத்தருகே அவரைக் கொண்டுவந்தபோது மயங்கி விழுந்தான். தெளிந்து எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போய்ச் சாம்பலில் துழாவினான். அந்தத் திருகாணி கிடைத்தது. தாயின் நினைவாக அதை எடுத்துவைத்துக்கொண்டான்.

அதே ஆண்டு அதே நகரத்தில் யானக்கன் முன்ஸ்டார்ப் என்ற இளம்பெண்ணும் எரிக்கப்பட்டாள். கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனவள். கணவனை முதலில் கொன்றார்கள். குழந்தை சிறையில் பிறந்தது. உறவினரிடம் அனுப்பிய அந்தக் குழந்தைக்கு, வளர்ந்தபின் படிக்கட்டும் என்று நீண்ட கடிதம் ஒன்று எழுதினாள். சிறையில் தன்னிடமிருந்த ஒரு பொற்காசையும் நினைவாக விட்டுப்போனாள். மகளுக்குக் கிடைத்தது ஒரு கடிதமும் ஒரு காசும்.

இங்கே கொஞ்சம் நம் பக்கம் திரும்புகிறேன். புறநானூற்றின் 279ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது, நீங்கள் எல்லோரும் தேர்வுக்குப் படித்ததுதான். தந்தையையும் கணவனையும் போரில் இழந்த ஒருத்தி, மறுபடி பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மூதின்முல்லை என்று துறை வகுத்து நாம் கொண்டாடும் தாய் அவள். மென்னோனைட்டுகளின் மூதில் பெண்டிர் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர்கள். மகன் கையில் வேலைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர்கள். வீரம் எந்தப் பக்கம் கூட என்று நான் தராசு பிடிக்க வரவில்லை. ஆனால் இரண்டு தாயரையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தலாம், அது நல்ல வகுப்பாக இருக்கும்.

'தியாகிகளின் கண்ணாடி'க்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய மென்னோனைட்டுகள், பிரெஞ்சு–இங்கிலாந்துப் போர் நெருங்கிவந்த காலத்தில், பிள்ளைகள் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று அதை ஜெர்மனில் அச்சிட வைத்தார்கள். எஃப்ரட்டா என்ற துறவியர் குடியிருப்பில், 1748–49இல், ஆயிரத்து ஐந்நூறு பக்கம். காலனி அமெரிக்காவில் அச்சான புத்தகங்களில் அதுவே பெரியது. விற்காமல் மீந்த தாள்களைச் சுதந்திரப் போரின்போது படைவீரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள், துப்பாக்கி மருந்தைக் கெட்டிக்க. மைக்கனின் கதை அச்சான தாளும் அதில் போயிருக்கும்.

இனிப் பாட்டிமார். மென்னோனைட்டுகளில் ஒரு பெரும் பிரிவு, இரண்டாம் கேத்தரின் பேரரசி நிலம் தருகிறேன் என்று அழைத்ததால், 1789 முதல் இன்றைய உக்ரைனின் தென்பகுதியில் குடியேறியது. படைக்கு ஆள் கேட்க மாட்டோம் என்பது வாக்குறுதி. 1870களில் அந்த வாக்குறுதி ஆட்டம் கண்டதும் மூன்றில் ஒரு பங்கினர் கன்சாசுக்கும் மானிடோபாவுக்கும் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்தப் பஞ்சத்துக்காகவே 1920இல் அமெரிக்காவில் மென்னோனைட் மத்தியக் குழு தொடங்கியது. சுருக்கம் எம்.சி.சி. நம் ஊர்க் காதுக்கு எம்.சி.சி. என்றால் தாம்பரம் கல்லூரிதான், ஆகையால் நான் 'மத்தியக் குழு' என்றே சொல்கிறேன்.

1930களில் சோவியத் அதிகாரிகள் ஆலயங்களைப் பூட்டினார்கள். போதகர்களைக் கொண்டுபோனார்கள். 1937, 38இல் வீட்டு ஆண்களை இரவோடு இரவாகக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. சபை என்று வெளியில் எதுவும் இல்லாமல் போன அந்த ஆண்டுகளில் அடுப்படியில் பேரப்பிள்ளைகளுக்கு ஜெபத்தையும் பாட்டையும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் பாட்டிகள். 1943இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் மேற்கே கிளம்பிய வரிசையை நடத்தியவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் 1947 பிப்ரவரியில் 'வோலண்டாம்' என்ற கப்பலில் பராகுவே நோக்கிப் போனார்கள். சாக்கோ என்ற வறண்ட முட்காட்டில் அவர்கள் அமைத்த நோய்லாந்து குடியேற்றத்தில், ஆண் துணையில்லாத குடும்பங்களே நிறைந்த ஒரு கிராமத்தை மற்றவர்கள் 'பெண்கள் ஊர்' என்றே அழைத்தார்கள்.

இந்தப் பயணங்களில் மூட்டையில் இருந்தது ஒரு ரொட்டி. ஸ்விபாக் என்பார்கள். பெரிய உருண்டைமேல் சின்ன உருண்டையை வைத்து, விரலால் நடுவில் அமுக்கி, அடுப்பில் வைப்பது. அமுக்கத் தெரியாவிட்டால் மேல் உருண்டை சரிந்துவிடும். அந்த அமுக்கில்தான் மருமகளுக்குக் கைவந்துவிட்டதா என்று மாமியார் பார்ப்பார். ஞாயிறு பிற்பகலில் காப்பியோடு புதிதாய்ச் சாப்பிடலாம். தூரப் பயணம் என்றால் மறுபடி வாட்டி, ஈரம் போக்கி, கோணிப்பையில் கட்டிக்கொள்ளலாம், மாதக்கணக்கில் கெடாது. நம்முடைய ரஸ்க்கின் ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இழவு வீட்டிலும் அதுதான். பாட்டியை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்குப் பாட்டி கற்றுக்கொடுத்த ரொட்டியையே பரிமாறுவார்கள்.

அந்த அடக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம் பெற்றார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓடினார், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை பேரைப் புதைத்தார். தன்னை முன்னிறுத்தாமை இவர்களுக்குப் பெரிய அறம், ஆகவே புகழ்மாலைக்கு அங்கே இடம் குறைவு. 1864இல் ஜான் ஃபங்க் தொடங்கிய 'ஹெரால்ட் ஆஃப் ட்ரூத்' இதழின் மரண அறிவிப்புகளும் இப்படித்தான் இருக்கும். இறந்தவரின் வயது இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள். பிள்ளைகள் இத்தனை, பேரர் இத்தனை, கொள்ளுப்பேரர் இத்தனை. அடக்கத்தில் எந்த வசனத்தின்மேல் பிரசங்கம் நடந்தது. அவ்வளவுதான். என் அம்மாச்சியின் மலரை நினைத்துக்கொண்டு இவற்றைப் படிக்கும்போது எனக்குப் பொறாமை வருகிறது. நாள்கணக்கு வரை தெரிந்துவைத்திருக்கிறார்களே!

இப்போது தலைப்பில் உள்ளவருக்கு வருகிறேன். எட்னா ரூத் பைலர் 1904இல் பிறந்தவர், கன்சாஸ் பக்கம். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் மத்தியக் குழுவின் நிவாரணப் பணியில் பொறுப்பில் இருந்ததால், 1940களின் தொடக்கத்தில் குடும்பம் பென்சில்வேனியாவில் ஆக்ரன் என்ற சிற்றூருக்கு வந்தது. குழுவின் தலைமையகம் அங்கேதான். கடல் கடந்து போகிறவர்களும் வருகிறவர்களும் தங்கிச் சாப்பிட்டுப்போகிற வீடுகள் இருந்தன. எட்னா அங்கே விருந்தோம்பலைக் கவனித்துக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் படைக்கு வர மறுத்த இளைஞர்களுக்கு அமெரிக்க அரசு மாற்றுப்பணி கொடுத்தது. ஏறத்தாழ 12,000 பேர் அதில் சேர்ந்தார்கள், வேறு எந்தத் தனிச் சபையையும்விட மென்னோனைட்டுகள் அதிகம். காடு வளர்ப்பது, மனநல மருத்துவமனையில் வேலை செய்வது, இப்படி. சம்பளம் கிடையாது, சாப்பாட்டுச் செலவைச் சபைகளே ஏற்க வேண்டும். ஊர் ஊராகத் தாய்மார் பழத்தையும் காய்களையும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து முகாம்களுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பணியிடங்களில் ஒன்று போர்ட்டோ ரிக்கோ தீவில் லா பிளாட்டா பள்ளத்தாக்கு. இளைஞர்கள் அங்கே மருத்துவமனை நடத்தினார்கள். பெண்களுக்கு ஒரு தையல் வகுப்பும் நடந்தது.

1946இல் எட்னா அங்கே போனார். நேர்த்தியான பூவேலை செய்யும் பெண்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வழியில்லாமல் இருப்பதைப் பார்த்தார். துணி கெட்டி லினன், வேலை நுணுக்கம், கூலி அற்பம். சில உருப்படிகளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஆக்ரனில் தெரிந்தவர்களிடம் காட்டினார், விற்றுப்போயிற்று. மறுபடி வரவழைத்தார். காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு, பெண்கள் கூடித் தைக்கும் சபைக் கூட்டங்களுக்குப் போய்ப் பரப்பினார். நம் ஊரில் தலையில் துணிமூட்டையோடு தெருவுக்கு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இந்த அம்மாள் விலை சொன்னதோடு, தைத்தவள் எப்படி வாழ்கிறாள் என்பதையும் சொல்வார். அதைக் கேட்காமல் மேசைவிரிப்பு வாங்க முடியாது.

பிறகு ஜோர்டானில் தங்கியிருந்த பாலஸ்தீன அகதிப் பெண்களின் குறுக்குத்தையல் வந்தது, ஹைட்டியின் மரவேலை வந்தது. வீட்டின் நிலவறையே கடை. பதினாறு ஆண்டு இதைத் தம் சொந்தப் பாடாகவே நடத்தினார். 1962இல்தான் மத்தியக் குழு தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. 1968இல் அதற்கு 'செல்ஃப்ஹெல்ப் கிராஃப்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1970இல் எட்னா ஓய்வுபெற்றார். 1996இல் பெயர் மறுபடி மாறி 'டென் தௌசண்ட் வில்லேஜஸ்' ஆயிற்று, பத்தாயிரம் கிராமங்கள். அந்தப் பெயருக்குத் தூண்டுதல் காந்தி. இந்தியா சில நகரங்களில் இல்லை, ஏழு லட்சம் கிராமங்களில் இருக்கிறது என்ற அவர் கருத்திலிருந்து எடுத்தது. இன்று நியாய வணிகம் என்று மேலாண்மை வகுப்புகளில் பாடம் நடத்துகிறோமே, அதன் அமெரிக்கத் தொடக்கம் ஒரு தாயின் கார் டிக்கி.

மென்னோனைட்டுகளுக்கு நம் நாட்டோடு உறவு பழையது. 1890களின் பஞ்சத்துக்கு அவர்கள் தானியம் திரட்டினார்கள், 1899இல் இன்றைய சத்தீஸ்கரின் தம்தரியில் பணி தொடங்கினார்கள், நம் அண்டையில் தெலங்கானாவின் மகபூப்நகர்ப் பக்கம் இன்றும் பெரிய மென்னோனைட் சபைகள் தெலுங்கில் வழிபடுகின்றன. அது தனி உரைக்குரியது.

எட்னா 1976இல் இறந்தார். அதே ஆண்டில் ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. பெயர் 'மோர் வித் லெஸ்', குறைவைக் கொண்டு நிறைவு என்று நாம் சொல்லலாம். உலகில் உணவு நெருக்கடி மூண்டிருந்த 1974இல், ஒவ்வொரு வீடும் உணவுச் செலவில் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று மத்தியக் குழு கேட்டுக்கொண்டது. எப்படிக் குறைப்பது என்று சொல்ல, வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பணிசெய்து திரும்பிய டோரிஸ் ஜான்சன் லாங்கேக்கர் என்ற இளந்தாய் இதைத் தொகுத்தார். வீடு வீடாகக் கடிதம் போட்டுக் குறிப்புகளை வரவழைத்தார். எகிப்தின் குஷரி, பாகிஸ்தானின் கீமா, நம் பக்கத்துச் சப்பாத்தியும் பருப்பும் எல்லாம் அதில் உண்டு. குறிப்புக்குக் கீழே அனுப்பிய பெண்ணின் பெயரும் ஊரும் இருக்கும். புத்தகம் பல லட்சம் படி விற்றது. டோரிஸ் 39 வயதில், 1979இல், இரண்டு மகள்களை விட்டுப் புற்றுநோயில் இறந்தார்.

அந்தப் புத்தகத்தில் எட்னாவின் பெயரிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது, உருளைக்கிழங்கு மாவு. வேகவைத்து மசித்த கிழங்கு, பால், முட்டை, ஈஸ்ட், மைதா. பிசைந்து பொங்கவிட்டால் அதிலிருந்தே வட்டமாக வெட்டி எண்ணெயில் பொரிக்கலாம், அல்லது சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிப் பாய்போல் சுருட்டி, துண்டு போட்டு அடுப்பில் வைக்கலாம். கிழங்கு சேர்வதால் மறுநாளும் மென்மை போகாது. அளவைப் பார்த்தவுடனே ஒன்று புரிகிறது, இது நாலு பேர் குடும்பத்துக்கு எழுதியதே இல்லை, பந்திக்கு எழுதியது. நாளை எந்த நாட்டிலிருந்து யார் பசியோடு வந்து இறங்குவார்கள் என்று தெரியாத வீட்டின் அளவு. எட்னாவின் விருந்தோம்பலைப் பற்றி நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்தப் பட்டியல் சொல்வதைச் சொல்ல முடியாது.

என் குறைக்கு வருகிறேன். பொருளைப் பாதுகாத்த இந்த மரபு, பெண்ணின் பெயரை எப்போதும் பாதுகாக்கவில்லை. பழைய அறிவிப்புகளில் எத்தனையோ தாய்மார் 'இன்னாரின் மனைவி' என்றே புதைக்கப்படுகிறார்கள். பிறந்த வீட்டின் பெயர் சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. ஜாடியில் பழம் அடைத்தவர்கள் 'சகோதரிகள்' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டார்கள். லா பிளாட்டாவில் பூவேலை செய்த பெண்கள் எட்னாவின் கதையில் எப்போதும் 'பெண்கள்' என்றே வருகிறார்கள். தன்னை மறைத்துக்கொள்வது அறம் என்று ஒருத்தி தானே தேர்ந்தால் வணங்கலாம். அவளைக் கேட்காமலே எழுதுகிறவர் மறைத்தால், அதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டக் கூடாது. தியாகிகளின் புத்தகம் இந்த வகையில் மேல். எரித்தவர்கள் பதிவுசெய்து வைத்ததாலோ என்னவோ, மைக்கனுக்கும் யானக்கனுக்கும் பெயர் மிஞ்சியது. சமையல் புத்தகமும் மேல். வரலாற்று நூல் செய்யாததைப் பருப்புக் குறிப்பின் அடியில் டோரிஸ் செய்துவைத்தார்.

இந்த அறக்கட்டளையின் அன்னையைப் பற்றி அழைப்பிதழில் மூன்று வரி இருக்கிறது. நிறுவிய குடும்பத்தாரிடம் உரிமையோடு கேட்கிறேன்: அடுத்த ஆண்டு உரை அச்சாகும்போது, முன்பக்கத்தில் அவருடைய பிறந்த வீட்டுப் பெயரோடு, அவர் கையால் செய்த ஏதாவது ஒன்றின் அளவையும் முறையையும் போடுங்கள், ஊறுகாயோ கோலமோ கூடையோ எதுவானாலும் சரி. மாணவர்களுக்கும் ஒரு வேலை. வீட்டில் பாட்டி இருந்தால், முழுப் பெயரையும், அவர் செய்யும் ஒரு பொருளின் கணக்கையும், கைப்பிடி என்றால் யார் கைப்பிடி என்பது வரை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாருங்கள். நூலகத்தில் அதற்கென்று ஒரு கோப்பு திறந்துவைப்பதாக நூலகர் சற்று முன் என்னிடம் ஒப்புக்கொண்டார். முதல் தாளாக என் அம்மாச்சியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். குழம்புக்கான இடம் காலியாக இருக்கும்.